சனிக்கிழமையை எதில் போடுவது?

போன ஏப்ரலில் எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமை வேலையை நிறுத்தினார்கள். பல நாளாக இழுத்துக்கொண்டிருந்த அரியர்ஸ் பணம் 1,20,000 ரூபாயும் அதே மாதம் கணக்கில் ஏறியது. நேரமும் பணமும் சேர்ந்து வருவது எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பட்டிமன்றமே கூடிவிட்டது.

மகள் கொடைக்கானல் என்றாள். மனைவி கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் மூன்று படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள்; இந்தப் பணம் அதற்கு அட்வான்ஸ். அம்மா, "முதல்ல சமையலுக்கு ஒரு ஆள் போடு. ஆபீஸும் போயிட்டு அடுப்படியும் பார்த்து அவ முதுகு ஒடியுது" என்றார். பன்னிரண்டு வயதில் பாதியில் விட்ட மிருதங்கத்தை மறுபடி எடுக்கலாமா என்று நான் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் பெரியப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னபோது, "மாசம் ஒரு தடவை வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போடா, அது போதும்" என்றார்.

ஐந்துமே சந்தோஷத்தைத் தேடிப் போகிற வழிகள்தான். இன்பம், வசதி, நேரம், ஈடுபாடு, உறவு என்று ஆளுக்கொன்றைப் பிடித்திருந்தோம். இவை ஒவ்வொன்றையும் பற்றி உளவியலாளர்களும் பொருளாதார அறிஞர்களும் ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். முடிவெடுக்கும் முன் அவற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சந்தோஷம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை ஆய்வாளர்கள் குறைந்தது மூன்றாகப் பிரிக்கிறார்கள். மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பார்த்துத் திருப்தியா என்று கேட்பது ஒன்று. எட் டீனரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1985இல் வெளியிட்ட ஐந்து வாக்கிய அளவுகோல் இன்றும் இதற்குத்தான் பயன்படுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை போட்டுக் கூட்டினால் 5க்கும் 35க்கும் நடுவே ஓர் எண் கிடைக்கும். இன்றைய பொழுதில் மனம் எப்படி இருந்தது என்பது இரண்டாவது. வாழ்வதற்கு ஓர் அர்த்தம் இருப்பதாகப் படுகிறதா என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றாகவே ஏறி இறங்குவதில்லை. பிள்ளைக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடக்கும் மார்ச் மாதத்தில் ஒரு தாயிடம் இன்றைய பொழுது எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், பிள்ளை பெற்றது வீண் என்று நினைக்கிறீர்களா என்றும் கேளுங்கள்.

கொடைக்கானலும் கூடுவாஞ்சேரியும்

மகளின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். கிறிஸ்டோபர் பீட்டர்சன், நான்சூக் பார்க், மார்ட்டின் செலிக்மன் மூவரும் 2005இல் 845 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். இன்பத்தைத் தேடுவது, ஒரு வேலையில் மூழ்குவது, அர்த்தத்தைத் தேடுவது என்று மூன்று போக்குகளை அளந்தார்கள். மூன்றுக்குமே வாழ்க்கைத் திருப்தியோடு தொடர்பு இருந்தது. இன்பத்துக்கு இருந்த தொடர்பு மற்ற இரண்டைவிடக் குறைவு. மூன்றிலும் குறைவாக இருந்தவர்கள்தான் திருப்தியில் கடைசி. ஆக, ஊர் சுற்றுவதும் நன்றாகச் சாப்பிடுவதும் அற்ப சந்தோஷம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை. அதை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கும் இல்லை.

சுற்றுலா பற்றித் தனியாகவே ஓர் ஆய்வு உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்டார்கள். விடுமுறைக்குப் போகவிருந்தவர்கள், போகாதவர்களைவிடக் கிளம்பும் முன்பே அதிக சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் ஓய்வாகக் கழிந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அது மிச்சமிருந்தது. அப்படியானால் மே மாதத்தில் இ-பாஸ் எடுத்து, மலைப்பாதையில் வரிசையில் நின்று, மூன்று நாளில் பன்னிரண்டு இடம் பார்த்துவிட்டு வருவதுதான் இருப்பதிலேயே மோசமான முதலீடு. இரண்டு மாதம் முன்பே அறையைப் பதிவு செய்து, ஆசை ஆசையாகக் காத்திருந்து, சீசன் முடிந்தபின் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது மேல். காத்திருக்கும் அந்த இரண்டு மாதத்துக்குத் தனியாகச் செலவும் இல்லை.

மனைவியின் வீட்டைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையை அவளும் படிப்பாள்.

வசதி கூடினால் மனம் அதற்குப் பழகிவிடும் என்பது பலரும் கேட்ட கதை. 1978இல் பிரிக்மனும் உடன் இருந்தவர்களும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி அடித்த 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். லாட்டரிக்காரர்கள் பெரிதாக ஒன்றும் கூடுதல் சந்தோஷத்தில் இல்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நல்ல ஜோக் போன்ற சின்ன விஷயங்கள் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே ருசித்தன. மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்தமான ஆய்வு இது. ஆனால் வெறும் 22 பேர். 2020இல் சுவீடனில் லாட்டரி வென்றவர்களைப் பெரிய அளவில் ஆராய்ந்தபோது, பெரிய பரிசு வாங்கியவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்கு மேலாகியும் கூடுதலாகவே இருந்தது. அன்றாட மனநிலையில்தான் அந்த அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. பணத்தால் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அது இருப்பவர்கள்தான் என்ற என் பழைய சந்தேகம் இதைப் படித்தபின் கொஞ்சம் வலுத்தது.

வீட்டுக் கணக்கில் என்னைத் தடுத்தது வேறு ஒன்று. இப்போது நாங்கள் இருப்பது வேளச்சேரி. என் அலுவலகம் தரமணியில். வண்டியில் கால் மணி நேரம். கூடுவாஞ்சேரியிலிருந்து என்றால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டிய தரவுகளை வைத்து அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரை இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது. சம்பளமோ வீட்டு வசதியோ அந்த இழப்பைச் சரிக்கட்டியிருக்க வேண்டும் என்று பொருளாதாரக் கணக்கு சொல்கிறது. நிஜத்தில் சரிக்கட்டவில்லை. காரணம் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது படுக்கையறை ஆறு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஜிஎஸ்டி சாலை நெரிசல் ஒவ்வொரு நாளும் புதிதாக எரிச்சலூட்டும்.

வாங்கக்கூடிய நேரம்

அம்மா சொன்ன யோசனையை நாங்கள் யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையலுக்கு ஆள் போடுவது செலவு, அதில் சந்தோஷம் எங்கே வந்தது? ஆஷ்லி வில்லன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அம்மா பக்கம் நிற்கிறது. அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில், பிடிக்காத வேலையைக் காசு கொடுத்து இறக்கிவைப்பவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி கூடுதலாக இருந்தது. அதோடு கனடாவின் வான்கூவர் நகரில் வேலைக்குப் போகும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் 40 டாலர் வீதம் கொடுத்தார்கள். ஒரு வாரம் நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவது, இன்னொரு வாரம் ஏதாவது பொருளுக்கு என்று செலவழிக்கச் சொன்னார்கள். நேரத்தை வாங்கிய நாளின் மாலையில்தான் மனம் மேலாக இருந்தது.

சரி, இதில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குச் சமைக்க வரும் பெண் விடியும் முன்பே தன் வீட்டில் சமைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். எங்களுக்கு மிச்சமாகும் நேரம் அவருடைய காலைப் பொழுது. நியாயமான சம்பளமும் வாரம் ஒரு நாள் விடுப்பும் கொடுத்தால் அந்த உறுத்தல் குறைகிறது, போய்விடுவதில்லை.

மிருதங்கம் என் கட்சி என்பதால் அதை வளர்த்துப் பேசாமல் விடுகிறேன். ஹங்கேரியப் பின்னணி கொண்ட மிஹாய் சிக்சென்ட்மிஹாய் ஓவியர்கள், மலையேறுபவர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள் போன்றவர்களிடம் பேசி, ஒரு வேலையில் தன்னை மறந்து மூழ்கும் நிலையைப் பல்லாண்டு ஆராய்ந்தார். வேலையின் கடினமும் நம் திறமையும் ஒத்துப்போக வேண்டும், செய்தது சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும். மிருதங்கத்தில் இரண்டாவதற்குக் குறையே இல்லை. விரல் தப்பினால் அடுத்த தெருவுக்கே தெரியும். மனம் அலைவதைப் பற்றி மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் 2,250 பேரை போன் வழியே அவ்வப்போது கேட்டதில், ஏறக்குறைய பாதி நேரம் மனம் கையிலிருக்கும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் சந்தோஷமும் குறைவு. மூழ்குவதற்கு ஒன்று இருப்பது நல்லதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் சில மாதங்களுக்கு மூழ்கவெல்லாம் முடியாது, விரல் மட்டும்தான் வலிக்கும்.

பெரியப்பாவின் கட்சிக்குத்தான் சான்றுகள் பல திசையிலிருந்தும் வருகின்றன. 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்ட் ஆய்வு, 268 கல்லூரி மாணவர்களையும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 456 பையன்களையும் முதுமைவரை பின்தொடர்ந்தது. நடுவயதில் உறவுகள் நன்றாக இருந்தவர்கள் எண்பது வயதில் உடலாலும் நன்றாக இருந்தார்கள். தொடங்கும்போது எல்லாரும் ஆண்கள், அதுவும் வெள்ளை இனத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று சின்னது, ஆனால் எனக்குப் பிடித்தது. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008இல் 46 பேருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கவரில் போட்டுக் கொடுத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தங்களுக்காக, சிலர் அடுத்தவருக்காக. அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் மாலையில் அதிக சந்தோஷமாக இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை. வேறு சிலரிடம் விளைவை ஊகிக்கச் சொன்னபோது நேர்மாறாகச் சொன்னார்கள். நம் சந்தோஷத்தை நாமே சரியாகக் கணிக்க மாட்டோம் என்பதற்கு இது போதும்.

நான் போட்ட மதிப்பெண்

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்ததுதான் முட்டாள்தனம். எதையும் ஒதுக்காமல் ஒவ்வொரு வழியையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்ப்பது, தினமும் படுக்கும் முன் அன்றைய சந்தோஷத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுவது, மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்து எது ஜெயித்தது என்று முடிவு கட்டுவது. அலுவலகத்தில் இப்படித்தானே எல்லாவற்றையும் செய்கிறோம்.

ஜூன் முழுக்க ஆறும் ஏழுமாக ஓடியது. ஜூலையில் ஐந்துக்கு இறங்கியது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டிகிரி காபி குடிக்கும்போதே 'இது எட்டா, ஏழரையா' என்று மனசுக்குள் ஒரு குரல். எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தால் அதற்கு ஒரு வருத்தம். அம்மாவிடம் சொன்னேன். "இட்லிப் பானை மூடியைத் திறந்து திறந்து பார்த்தா எப்படிடா வேகும்?" என்று கேட்டார்.

அம்மா சொன்னதை ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளர் 2011இல் சோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார். சந்தோஷம் எவ்வளவு முக்கியம் என்று புகழும் ஒரு செய்திக் கட்டுரையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு ஒரு மகிழ்ச்சியான படக் காட்சியைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்குத்தான் படம் குறைவான சந்தோஷத்தைக் கொடுத்தது. 'இதற்கு நான் இன்னும் மகிழ்ந்திருக்க வேண்டாமா' என்ற ஏமாற்றம்தான் காரணம். சோகக் காட்சி பார்த்தவர்களிடம் இந்த வித்தியாசம் வரவில்லை. அதற்கும் முன்பே 2003இல் ஜொனாதன் ஸ்கூலரும் உடன் இருந்தவர்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டே சந்தோஷமாக ஆக முயலுங்கள் என்று சொல்லப்பட்டவர்களைவிடச் சும்மா கேட்டவர்களே நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

அப்படியானால் சந்தோஷத்தை விரும்புவதே தப்பா? நான் பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024இல் ஃபெலிசியா ஜெர்வாஸ், பிரெட் ஃபோர்ட், ஆலிவர் ஜான், மாஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. சந்தோஷமாக இருக்க ஆசைப்படுவது ஒன்று. போதுமான அளவு சந்தோஷமாக இருக்கிறோமா என்று கவலையோடு கணக்குப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதால் பெரிய கெடுதி தெரியவில்லை. இரண்டாவது இருப்பவர்களிடம்தான் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவும் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாகவும் இருந்தன. நல்லது நடக்கும்போதே அதைக் குறைசொல்லும் பழக்கம்தான் நடுவில் நின்று கெடுக்கிறது. ஏற்கனவே சோர்ந்திருப்பவர்தான் அதிகம் கணக்குப் பார்க்கிறாரோ என்ற கேள்வியும் இருக்கிறது, இருக்கட்டும். என் நோட்டைப் பொறுத்தவரை எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

இடம் மாறினால் விளைவும் மாறுகிறது. ஃபோர்ட் குழுவினர் 2015இல் அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான், தைவான் நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சந்தோஷத்தைத் தீவிரமாகத் தேடும் அமெரிக்கர்களுக்கு நலம் குறைந்திருந்தது. ரஷ்யாவிலும் கிழக்காசியாவிலும் தேடியவர்களுக்குக் கூடியிருந்தது. அங்கெல்லாம் சந்தோஷம் என்றால் நாலு பேரோடு இருப்பது, அடுத்தவருக்கு உதவுவது என்று புரிந்துகொள்கிறார்கள். தேடுகிறவர் மனிதர்களிடம்தான் போய்ச் சேர்கிறார். இந்தியா அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் மகளின் கொடைக்கானலில் பெரியப்பாவையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

கணக்குப் பார்ப்பதற்கு மாற்று ஒன்றும் உண்டு. லானா காட்டலினோ, சாரா அல்கோ, பார்பரா ஃப்ரெட்ரிக்சன் மூவரும் 2014இல் எழுதியது. நம்மை மகிழ்விக்கும் என்று ஏற்கனவே தெரிந்த காரியங்களுக்கு நாளின் ஏற்பாட்டிலேயே இடம் ஒதுக்குபவர்களிடம் நலம் கூடுதலாக இருந்தது. இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் பிடித்துவைத்துப் பார்ப்பதில்லை; நேர அட்டவணையை மட்டும் கவனித்துக்கொள்கிறார்கள்.

ஆக, உங்களுக்கு எது? பகல் முழுக்க வேலை முதுகை அழுத்துகிறது என்றால் நேரத்தை வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வேலை குறைவு, பொழுது போகவில்லை என்றால் கையும் மனமும் சேர்ந்து உழைக்கும் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். பேச ஆளில்லாமல் இருப்பவருக்கு வகுப்பைவிட, டூரைவிட, வாரம் ஒரு மனிதர் மேல். வாடகை கட்டவே திண்டாடுபவரிடம் இந்த ஐந்தையும் நீட்டுவது அநியாயம். அவருக்குச் சம்பளம் கூடுவதுதான் முதல் வழி. எதிலும் ருசியில்லை, தூக்கமில்லை என்று வாரக்கணக்கில் போனால் இந்த ஒப்பீட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், வீட்டை விட்டோம். மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம்தான். மகள் கல்லூரி முடிக்கட்டும், மறுபடி பேசலாம் என்று ஒப்பந்தம். சமையலுக்கு ஆள் வைத்தோம். அரியர்ஸில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது, அதைப் பற்றி இதுவரை யாரும் முணுமுணுக்கவில்லை. கொடைக்கானலுக்குச் செப்டம்பரில் போனோம், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, அதனால் நாங்களும் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உழவன் எக்ஸ்பிரஸில் கும்பகோணம். மீதிச் சனிக்கிழமைகளில் ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் அப்பிக்கொண்டு, எட்டு வயதுப் பையன்கள் இருவரோடு உட்கார்ந்து 'தா தி தொம் நம்' வாசிக்கிறேன். அவர்கள் என்னைவிடச் சுத்தமாக வாசிக்கிறார்கள்.

அந்த நோட்டில் ஆகஸ்ட் 9ஆம் தேதி வரை மதிப்பெண் இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து அம்மா பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.